கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்...

பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் கை வைத்தியம் இருக்கிறது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று பாதி மருந்து அடுக்களையிலேயே அகப்பட்டுவிடும். பாட்டைப் பதிவு செய்கிற கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் என்ன செய்வது? நேற்று வரை கணீரென்று ஒலித்த தம்பூரா இன்று ‘டப், டப்’ என்று இடறுகிறது. நாலு வரி பாடினால் நடுவில் அரை வரியைக் காணோம். சற்று வற்புறுத்திப் பார்த்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு ப்ரோக்ராமே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறது.

நடுவில் என்ன நடந்தது என்று விசாரித்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. புது வெர்ஷன் போட்டார்கள். அவ்வளவுதான்!

ஒரு காலத்தில் ஒலிப்பதிவு என்றால் கோடம்பாக்கம் போக வேண்டும். இப்போது பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு, அதன் மேல் ஒரு மைக்கும் லாப்டாப்பும் வைத்தால் அதுவே ஸ்டுடியோ. பாட்டு டீச்சர்கள் பாடம் பதிகிறார்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிறவர்கள் கதை பதிகிறார்கள். க்யூபேஸ், லாஜிக் ப்ரோ, ஏபில்டன் லைவ், எஃப்.எல். ஸ்டுடியோ, ரீப்பர் என்று ப்ரோக்ராம்களுக்குப் பெயர்கள் பல. பெயர் எதுவானாலும் வருகிற சீக்கு மட்டும் ஒன்றே.

நங்கநல்லூரில் ஒரு பாட்டு டீச்சர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரில் வரும் மாணவிகள் பத்துப் பேர். கடல் கடந்த மாணவிகள் பதினைந்து பேர். வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக வாரம் ஒரு பாடம் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புகிறார். மாதம் பிறந்தால் வீட்டு வாடகைக்கு அந்த வருமானம்தான் ஈடு கொடுக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடம் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளையாண்டான் உற்சாகமாக வந்து, “அம்மா, உன் ப்ரோக்ராமுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது. போட்டுவிட்டேன்” என்கிறான்.

விடிந்ததும் அம்மா மைக் முன்னால் உட்காருகிறார்.

“ஏண்டா, தம்பூரா விக்கி விக்கிக் கேட்கிறதே?”

“இருக்காதே, அம்மா! புது வெர்ஷன் முன்னைவிட நன்றாக அல்லவா ஓட வேண்டும்?”

“ஓடுகிறது, நொண்டிக்கொண்டு! இந்தா, நீயே கேள்.”

பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். முகம் சுருங்குகிறது. “எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுவிடட்டுமா?”

“ஒன்பது மணிக்குப் பாடம் போகணும்டா!”

இந்த இடத்தில் நான் அம்மா கட்சி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போடுவது என்பது, பருப்பில் கல் கடித்தால் சமையற்கட்டையே இடித்துக் கட்டுவதற்குச் சமானம். அரை நாள் போகும். அது போனாலும் போகட்டும். பழைய செட்டிங்குகள் எங்கேயோ ஒரு மூலையில் அப்படியே தங்கியிருந்து, புதிதாகப் போட்ட ப்ரோக்ராமிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். சீக்கு தீராது. எதனால் வந்தது என்ற தடயமும் அழிந்து போயிருக்கும்.

முதலில் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன். ப்ரோக்ராம் உறைந்து போனாலும் முன்பு பாடிய குரல் எங்கும் போய்விடுவதில்லை. பெரும்பாலான ப்ரோக்ராம்களில் குரல் தனிக் கோப்பாகவும், ‘இந்தக் குரலை இங்கே வை, அங்கே எதிரொலி சேர்’ என்கிற குறிப்புகள் வேறு கோப்பாகவும் இருக்கும். குறிப்புக் கோப்பு திறக்க மறுத்தாலும், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஆடியோ என்ற பெயரில் இருக்கும் உள் ஃபோல்டரைப் பார்த்தால், பாடியதெல்லாம் ‘வேவ்’ கோப்புகளாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த ஃபோல்டரை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டால் வயிற்றில் பாதி பாரம் இறங்கிவிடும். ஒன்பது மணிப் பாடத்தை அன்றைக்கு மட்டும் போனிலேயே பதிந்து அனுப்பிவிடலாம். மாணவிகள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் நிதானமாக வைத்தியத்துக்கு உட்காரலாம்.

பந்தியில் ஒரு வெற்று இலை

சத்தம் ஏன் விக்குகிறது என்று தெரிந்துகொண்டால் வைத்தியம் சுலபம். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். கல்யாணப் பந்தி பார்த்திருந்தால் போதும்.

சமையற்கட்டில் சாம்பார் கொதிக்கிறது. பரிமாறுகிறவர் வாளியில் வாங்கிக்கொண்டு வந்து இலை இலையாக விட்டுக்கொண்டே போகிறார். வாளி தீர்வதற்குள் அடுத்த வாளி தயாராக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நடப்பதும் இதேதான். ஆனால் பந்தியின் வேகம் இருக்கிறதே, அதைக் கேட்டால் தலை சுற்றும். வினாடிக்கு 44,100 இலைகள்! ஸி.டி. தட்டுக்கு ஏற்பட்ட கணக்கு அது. ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள்; கேட்கும்போது அதே வேகத்தில் அந்த எண்களை மறுபடி ஒலியாக்குகிறார்கள். வீடியோவுக்கு வழக்கமான கணக்கு 48,000.

வாளிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பஃபர். ஒரு வாளிக்கு 128 இலைக்கான சாம்பார், 256 இலைக்கு, 512 இலைக்கு, 1,024 இலைக்கு என்று பல அளவுகள் உண்டு. 128 என்று வைத்தால் வாளி சுமார் 3 மில்லி செகண்டில் காலி. அதாவது ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்றே பங்கு. அதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த வாளியை நிரப்பியாக வேண்டும். 512 என்றால் சுமார் 12 மில்லி செகண்டு அவகாசம். 1,024 என்றால் 23.

சமையற்கட்டில் சற்றுத் தாமதமாகி, “இதோ, ஒரு நிமிஷம்!” என்று குரல் கொடுத்தால், மனிதர்கள் உட்கார்ந்த பந்தியில் விருந்தாளி காத்திருப்பார். ஒலிப் பந்தியில் யாரும் காத்திருப்பதில்லை. அந்த இலை வெற்று இலையாகவே போய்விடும். அதுதான் காதில் ‘டப்’ என்று விழுகிறது.

அப்படியானால் வாளியைப் பெரிதாக்கிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். பாதி தீரும். பெரிய வாளி நிரம்ப நேரம் ஆகும் அல்லவா? மைக்கில் பாடுகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய், நிரம்பி, ஹெட்போனுக்குத் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் பின்தங்கிவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. 12 மில்லி செகண்டு தாமதம் என்றால், நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்து யாரோ உங்கள் பாட்டையே பாடுவது போல இருக்கும். உள்ளே போக ஒரு வாளி, வெளியே வர ஒரு வாளி. ஆகவே தாமதம் இரட்டிப்பு. இந்த நிலையில் தாளம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அவஸ்தை தெரியும்.

ஆகவே பாடும்போது சின்ன வாளி. பாடி முடித்துக் கூட்டிக் குறைத்து அழகுபடுத்தும்போது பெரிய வாளி. வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்களில் எத்தனையோ பேர் இதை ஒரே அளவில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம் எழும். கம்ப்யூட்டர் வேலைப்பளுவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது என்றுதான் இருக்கும். எழுபது பங்கு சும்மா இருக்கும்போது ஏன் விக்கல்? இதற்கும் பதில் சமையற்கட்டில் இருக்கிறது. எட்டு அடுப்பு இருக்கலாம். கறி ஒன்றில், கூட்டு ஒன்றில், பாயசம் ஒன்றில் என்று ஒரே சமயத்தில் வைக்கலாம். ஆனால் ரசம் ஒன்றை எட்டு அடுப்பில் பிரித்து வைக்க முடியுமா? புளி கொதித்த பிறகுதான் பருப்புத் தண்ணீர்; விளாவிய பிறகுதான் தாளிப்பு. அது போல, ஒரு குரலின் மேல் சுருதி திருத்தம், பிறகு எதிரொலி, பிறகு மெருகு என்று அடுக்கிக்கொண்டே போனால் அவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே அடுப்பு திணறுகிறது. ஏழு அடுப்பு வேடிக்கை பார்க்கிறது. மீட்டர் காட்டுவது எட்டுக்கும் சராசரி.

புது வெர்ஷன் எதையெல்லாம் மாற்றுகிறது?

“ஒன்றைத்தான் மாற்றினேன்” என்று பிள்ளை சத்தியம் செய்வான். உண்மையில் ஐந்தாறு மாறியிருக்கும். ப்ரோக்ராம் மாறியது. அதோடு வந்த கருவிகள் மாறின. வாளியின் அளவு தானாகவே பழைய எண்ணிலிருந்து வேறு எண்ணுக்குப் போயிருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டிரைவர் மாறியிருக்கலாம்.

டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் மைக் செருகுகிற ஆடியோப் பெட்டிக்கும் நடுவில் நிற்கும் துபாஷி. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஒலிப்பதிவுக்கென்றே ‘ஆஸியோ’ என்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. க்யூபேஸ் ப்ரோக்ராமைச் செய்யும் ஸ்டெய்ன்பர்க் என்ற ஜெர்மானியக் கம்பெனி 1990களில் கொண்டுவந்தது. விண்டோஸின் பொதுத் துபாஷியோ சினிமா பார்க்கவும், அழைப்பு மணி அடிக்கவும் போதும். வினாடிக்கு வினாடி சங்கீதம் பதியப் போதாது. புது வெர்ஷன் போட்ட பிறகு சில சமயம் ப்ரோக்ராம் பழைய ஆஸியோவை மறந்துவிட்டுப் பொதுத் துபாஷியைப் பிடித்துக்கொள்ளும். செட்டிங்கில் போய் ஆடியோப் பெட்டியின் சொந்த ஆஸியோவைத் தேர்ந்தெடுத்தால் ஒரே நிமிஷத்தில் விக்கல் நிற்கும்.

அடுத்தது ப்ளக்-இன்கள். ஸ்டெய்ன்பர்க் 1996-ல் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, எதிரொலிக்கு ஒருவர், வயலின் கூட்டத்துக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர் என்று வெளியார் எழுதிய சின்னச் சின்ன ப்ரோக்ராம்களைப் பெரிய ப்ரோக்ராமுக்குள் செருகிக்கொள்ள முடிகிறது. கல்யாண வீட்டில் ஜாங்கிரி பிழிய மட்டும் ஓர் ஆளை அழைப்பது போல. கைகாரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தால் சமையற்கட்டு முழுவதும் தீப்பிடிக்கும். பெரும்பாலான ப்ரோக்ராம்களில் ப்ளக்-இன் ஒன்று விழுந்தால் ப்ரோக்ராம் முழுவதும் கூடவே விழுகிறது. “புது வெர்ஷன் சரியில்லை” என்று நாம் சொல்லுகிற வழக்குகளில், பெரிய ப்ரோக்ராம் நிரபராதியாக இருப்பது சகஜம்.

கம்பெனிக்காரர்களே வழியை அடைத்துவிடுவதும் உண்டு. வி.எஸ்.டி.யின் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவை இரண்டு வருஷத்துக்குள் தங்கள் ப்ரோக்ராம்களிலிருந்து எடுத்துவிடப் போவதாக ஸ்டெய்ன்பர்க் 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்தப் பழைய அமைப்பில் எழுதிய எத்தனையோ ப்ளக்-இன்கள் இன்னும் வீடுகளில் புழங்குகின்றன. அவற்றில் சிலவற்றை எழுதியவர்கள் கடையையே மூடிவிட்டார்கள்.

மூன்று உண்மைச் சம்பவங்கள்

வீட்டில் யார் மேலும் குற்றம் இல்லாமலே இந்த வியாதி வருவதற்கு ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்லலாம்.

2018-ல் வெளிவந்த மாக்புக் ஏர், மாக்புக் ப்ரோ, மாக் மினி மூன்றிலும், யு.எஸ்.பி. வழியாக ஆடியோப் பெட்டியை இணைத்தவர்களுக்கு அவ்வப்போது சத்தம் விட்டுப் போயிற்று. ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய புத்தம் புதிய யந்திரம்! கேபிளை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், பயனில்லை. கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைத் தானாகச் சரி செய்துகொள்கிற ஏற்பாட்டை நிறுத்தி வைத்தால் விக்கல் குறைகிறது என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்தைத் திருத்துவதற்கும் பாட்டு விக்குவதற்கும் முடிச்சு இருக்கும் என்று யார் கண்டது! 2019 மார்ச்சில் வந்த 10.14.4 என்ற திருத்தத்தில், இந்த மாடல்களில் யு.எஸ்.பி. ஒலி ஒழுங்காக வேலை செய்யும்படி ஆப்பிள் சீர் செய்தது.

அதே 2019 அக்டோபரில் ‘காடலினா’ என்ற புது இயங்குதளம் வந்தது. 32 பிட் என்ற பழைய அமைப்பில் எழுதிய எந்த ப்ரோக்ராமும் அதில் ஓடாது. விசையை அழுத்திப் புதுப்பித்தவர்களுக்குப் பழைய ப்ளக்-இன்கள் ஒரே ராத்திரியில் ஊமையாயின. இது விக்கல் இல்லை, சாவு. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பியவர்கள்தான் பழைய ப்ராஜெக்டுகளைத் திறக்க முடிந்தது.

மூன்றாவது, 2024 மார்ச்சில் வந்த 14.4 திருத்தம். திருட்டு நகலைத் தடுப்பதற்காகப் பூட்டுப் போட்ட சில ப்ளக்-இன்கள் அதில் திறக்க மறுத்தன. திறக்கப் போன ப்ரோக்ராமும் விழுந்தது. காசு கொடுத்து நியாயமாக வாங்கினவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை! மூன்று வாரத்துக்குள், அதே மார்ச் மாதம் 25-ந் தேதி, 14.4.1 வந்தது, கோளாறு சரியாயிற்று. அந்த மூன்று வாரமும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினவர்களுக்கு மூன்று வாரமும் வீண்.

ஒரு சமயத்தில் ஒன்று

இனி நங்கநல்லூருக்குப் போவோம். பாடம் போனிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா காப்பி கலந்துகொண்டு வருகிறார். பிள்ளை பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறான். இந்த நோட்டு அவசியம். எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. ஒரே சமயத்தில் மூன்றை மாற்றிச் சரியாகிவிட்டால், மூன்றில் எது சரி செய்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி மூன்று.

முதல் சோதனை: காலி ப்ராஜெக்ட் ஒன்று திறந்து, ப்ளக்-இன் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு குரல் கோப்பை மட்டும் போட்டுக் கேட்பது. அதுவே விக்கினால் குற்றம் டிரைவரிலோ, வாளியிலோ, கேபிளிலோ, கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. அது சுத்தமாக ஒலித்து, பழைய ப்ராஜெக்ட் மட்டும் விக்கினால் ப்ளக்-இன்கள் மேல் சந்தேகம். இந்த ஒரு சோதனையே பாதி ஊரை விடுவித்துவிடும். ஏனோ பலரும் இதைச் செய்வதில்லை.

டீச்சர் வீட்டில் காலி ப்ராஜெக்டும் விக்குகிறது. செட்டிங்கைத் திறந்தால், நினைத்தபடியே பொதுத் துபாஷி உட்கார்ந்திருக்கிறார். ஆஸியோவுக்கு மாற்றினால் காலி ப்ராஜெக்ட் தெளிந்துவிடுகிறது. பழைய ப்ராஜெக்டில் விக்கல் குறைகிறது, போகவில்லை. ஐந்து நிமிஷம் ஓடினால் ப்ரோக்ராம் மூடிக்கொள்கிறது. ஆக, இங்கே வியாதி ஒன்று அல்ல, இரண்டு. இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். முதல் மருந்து முழுக் குணம் தரவில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

அந்த வீட்டில் நாற்பது ப்ளக்-இன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் நாற்பது தடவை. அதற்குப் பதில் பாதியை, அதாவது இருபதை, அவை இருக்கும் ஃபோல்டரிலிருந்து வேறு இடத்துக்குத் தற்காலிகமாக நகர்த்திவிட்டு ப்ராஜெக்டைத் திறக்க வேண்டும். விழவில்லையா? குற்றவாளி நகர்த்திய இருபதுக்குள் இருக்கிறான். விழுகிறதா? இருக்கிற இருபதுக்குள். பிறகு அந்த இருபதில் பாதி. இப்படி ஆறே தடவையில் ஆள் அகப்படுவான். புடவைக் கடையில் நாற்பது புடவையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை!

குறுக்கு வழியும் உண்டு. விண்டோஸில் ‘ஈவண்ட் வ்யூவர்’ என்ற பகுதியில் ப்ரோக்ராம் விழுந்த நேரத்தைத் தேடினால், எந்தக் கோப்பில் தடுக்கி விழுந்தது என்று பெயரே எழுதியிருக்கும். மாக் கம்ப்யூட்டரில் ‘கன்சோல்’ என்பதில் விழுந்த விவரம் இருக்கும். அந்தக் காகிதத்தில் நூறு வரி புரியாது. ப்ளக்-இன் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும். ப்ரோக்ராம் திறக்கும்போதே விழுகிறதென்றால், விழுவதற்கு முன் திரையில் கடைசியாக மின்னிய ப்ளக்-இன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் அகப்பட்ட பிறகு, அதை எழுதிய கம்பெனியில் புது வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டால் பல சமயம் சமாதானம் ஆகிவிடும்.

ப்ளக்-இன் எல்லாம் சாது என்று தெரிந்தால், பழைய செட்டிங் கோப்பு ஒன்று புது வெர்ஷனுக்கு ஒத்து வராமல் இருக்கலாம். அதை அழிக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி வைத்தால் ப்ரோக்ராம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். சரிப்படாவிட்டால் பழையதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காலி ப்ராஜெக்டிலேயே விக்கல் நிற்கவில்லை என்றால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். லாப்டாப் பாட்டரியில் ஓடுகிறதா? சிக்கனத்துக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ளக்கில் மாட்டி, பவர் செட்டிங்கை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். ஆடியோப் பெட்டியைப் பல முனை யு.எஸ்.பி. கட்டையில் செருகியிருந்தால் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள். வைஃபையைச் சற்று அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் வைஃபை டிரைவர் குறுக்கே நின்று சமையற்காரரை நிறுத்திவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. இந்த மாதிரி குறுக்கே நிற்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க ‘லேட்டன்ஸிமான்’ என்று ஒரு ப்ரோக்ராமும் இருக்கிறது. இயங்குதளத்தையே புதுப்பித்த மறுநாள் என்றால் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். கோப்புகளையும் போட்டோக்களையும் மறுபடி அட்டவணை போடுகிற வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

சித்திரை வெயிலையும் மறந்துவிடக் கூடாது. லாப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் அடியில் காற்றுப் போகிற வழி அடைபடும். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாகப் பாடிய யந்திரம் மத்தியானம் விக்குகிறதென்றால் ப்ரோக்ராமைக் குறை சொல்லுமுன் அடியில் கையை வைத்துப் பாருங்கள்.

சத்தம் விக்காமல், சுருதி மட்டும் இறங்கிக் கேட்கிறதா? அது வேறு கதை. அதற்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும். 48,000 கணக்கில் பாடியதை, புதிய செட்டிங் 44,100 கணக்கில் பரிமாறுகிறது. ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடினவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவே திரிசங்கு போலத் தொங்குவார், காலமும் மந்தமாகும். ப்ராஜெக்டிலும் ஆடியோப் பெட்டியிலும் ஒரே எண்ணை வைத்தால் குரல் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்த தடவை புது வெர்ஷன் வரும்போது

கையில் இருக்கிற வேலை முடியும் வரை எதையும் புதுப்பிக்காமல் இருப்பதே நலம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சமையல்காரரை மாற்றுவாருண்டா? ப்ரோக்ராமை எழுதுகிறவர்கள் முதல் பதிப்பில் விட்ட ஓட்டைகளை அடுத்த சில வாரங்களில் அடைத்துவிடுவார்கள். அது வரை மற்றவர்கள் போட்டுப் பார்க்கட்டும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் விசையை அணைத்து வைப்பது பிள்ளையாண்டானின் உற்சாகத்துக்கும் சேர்த்து ஒரு பூட்டு. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதல்ல. வேலை முடிந்த கையோடு ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

பல ப்ரோக்ராம்களில் பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும். பழையதை உடனே துரத்திவிடாதீர்கள்.

முடிந்துபோன பாட்டுகளை ஒவ்வொரு குரலாக, ஒவ்வொரு வாத்தியமாக, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நீளும் வேவ் கோப்பாக எழுதி வைத்துவிடுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லுகிற விஷயங்களிலேயே பெரியது என்று நினைக்கிறேன். காடலினா வந்தபோது ஊமையானது ப்ளக்-இன்களே தவிர, வேவ் கோப்புகள் அல்ல. ஐந்து வருஷத்துக்கு முன் பாட்டி பாடிய தாலாட்டு ஒரு ப்ராஜெக்டுக்குள் இருக்கிறது. அந்த ப்ராஜெக்டைத் திறக்க ஒரு பழைய ப்ளக்-இன் வேண்டும். அதை எழுதினவர் கடையை மூடிவிட்டார் என்றால், பாட்டியின் குரலைச் சுற்றிப் பின்னிய தம்பூராவும் எதிரொலியும் போனது போனதுதான். வேவாக எழுதி வைத்தால் எந்த ப்ரோக்ராமிலும் திறக்கலாம். ஒரு மணி நேர வேலை.

புது வெர்ஷனில் பழைய ப்ராஜெக்டை முதல் முறை திறந்ததும், எதையும் தொடுமுன் வேறு பெயரில் சேமியுங்கள். புதியதில் சேமித்த கோப்பைப் பழைய வெர்ஷன் பெரும்பாலும் திறக்காது. பின்வாங்க நினைக்கும்போதுதான் அது தெரியவரும்.

ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் கம்பெனிக்கு எழுதலாம். ‘சத்தம் வரவில்லை, உடனே கவனிக்கவும்’ என்று எழுதினால், ‘மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்’ என்றுதான் பதில் வரும். இயங்குதளத்தின் எண், ப்ரோக்ராமின் பழைய எண், புது எண், ஆடியோப் பெட்டியின் பெயர், டிரைவரின் எண், வாளி அளவு, காலி ப்ராஜெக்ட் விக்குகிறதா இல்லையா, இவ்வளவும் எழுதி, விழுந்த விவரக் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாம் தயாராக இருக்கும்.